ஃபுட்ஸ்விட்ச் மேல வெச்ச பொட்டு

காலையிலிருந்து கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை இறக்கிவிட்டு வந்த உடம்பு. இடுப்பு தனியாகக் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் கிட்டாரைத் தோளில் மாட்டியதும் மாறன் நிமிர்ந்து நின்றான்.

அடி அண்ணாமலை ஆட்டோ ஸ்டாண்டில் ஆயுத பூஜைக் கச்சேரி. கிரிவலப் பாதையை ஒட்டி மேடை போட்டிருந்தார்கள். அப்பாதுரையின் இன்னிசைக் குழுவில் மாறன் வருஷக்கணக்காகப் பின்வரிசையில் நின்று வாசிக்கிறவன். இன்றைக்குத்தான் முதல்முறையாக, இரண்டாவது பாட்டின் நடுவில் அவனுக்கென்று ஒரு தனி வாசிப்பு. அதற்காக மண்டிக்காரனிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கியிருந்தான்.

ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் இரண்டு சத்தத்தை முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தான். ஒன்று, பாடுகிறவர் குரலுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிற மெல்லிய சத்தம். இன்னொன்று தகரத்தைக் கிழிக்கிற சத்தம். அதிலிருந்து இதற்குத் தாவ, ஒயர் இழுத்துக் காலடியில் வைத்த சின்ன இரும்புப் பெட்டிதான் ஃபுட்ஸ்விட்ச். மேலே இரண்டு குமிழ். எதை மிதிக்கிறானோ அந்தச் சத்தம் வரும். இரண்டு கையும் கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கும்போது மனுஷனுக்கு மிச்சம் இருப்பது கால்தானே.

வினை பொட்டு ரூபத்தில் வந்தது. குழுவின் பாடகி கவிநிலா சாயங்காலம் எல்லா வாத்தியத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். வைத்த வேகத்தில் ஃபுட்ஸ்விட்சின் குமிழ் இரண்டுக்கும் வைத்துவிட்டாள்.

மாறன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சத்தம் மாறுகிறதா என்று ஒரு மிதி மிதித்துப் பார்த்தான். அவ்வளவுதான். ஸ்டாண்டு தலைவர் திருமலை கீழேயிருந்து கத்தினார்.

"டேய்! பூஜை போட்ட பொருளைக் காலாலயா மிதிக்கிற?"

"மிதிக்கறதுக்குன்னே செஞ்சதுங்க அது."

"பொட்டு வெச்சப்புறம் அது சாமிடா."

"உங்க ஆட்டோ பிரேக்குக்குந்தான் பொட்டு வெச்சிருக்கீங்க. நாளைக்குக் கையாலயா புடிப்பீங்க?"

டிரைவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் திருமலையைக் கிளப்பிவிட்டது.

"மூட்டை தூக்கறவனுக்கு வாயைப் பாரு! எங்க காலும் உன் காலும் ஒண்ணாடா?"

சிரிப்பு நின்றுபோனது. மாறனுக்குக் காது மடல் சுட்டது. அவர் சொன்னது பொட்டைப் பற்றி இல்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"தப்பு என்னுதுங்க, தொடச்சி உட்டுடறேன்," என்று கவிநிலா துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"தொடப்பியா? நல்ல நாளும் அதுவுமா பொட்டைத் தொடப்பியாம்மா நீ?" என்றார் திருமலை.

அப்பாதுரை பதறிக்கொண்டு வந்து மாறன் காதோரம் குனிந்தார். "கம்முனு இருடா. பெட்டியை ஸ்டூல் மேல வெச்சுடலாம். நீ பாட்டுக்கு வாசி, நான் கீபோர்டு பக்கத்துல இருந்துக்கினு கையால அழுத்தறேன்."

மாறன் தலையாட்டினான். தனி வாசிப்பு கையைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக ஆட்டினான்.

முதல் பாட்டு அம்மன் பாட்டு. கவிநிலா கண்ணை மூடி, குழைந்து, மெதுவாக இறங்கிவரும்போது அப்பாதுரையின் விரல் இடம் தவறியது. தகரம் கிழிகிற சத்தம் மேடையிலிருந்து பாய்ந்தது. கற்பூரத் தட்டோடு நின்றவர் தூக்கிவாரிப் போட்டுப் பின்னால் சாய்ந்தார். "யார்ரா அவன், அம்மனையே பயமுறுத்தறது!" என்று ஒரு டிரைவர் குரல் கொடுத்தான். ஊரே மாறனைப் பார்த்தது. அப்பாதுரை மட்டும் கீபோர்டைப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் மாறன் ஸ்டூலிடம் போனான். பெட்டியைத் தூக்கிவந்து பழையபடி காலடியில் வைத்தான்.

"டேய், இன்னாடா பண்ற?"

"நீங்க கீபோர்டைப் பாருங்கண்ணே. இது என் வேலை."

இரண்டாவது பாட்டு கிளம்பியது. பல்லவி போனது, முதல் சரணம் போனது, அவன் இடம் வந்தது. மாறன் மிதித்தான். சத்தம் எழும்பி, தகரக் கூரையெல்லாம் தாண்டி மலைப் பக்கம் போனது. வழக்கமாக மிதித்ததும் காலை எடுத்துவிடுவான். எடுத்தாலும் அந்தச் சத்தம் அப்படியே நிற்கும். இன்றைக்குக் காலை எடுக்கவில்லை. குங்குமத்தின் மேலேயே பாதத்தை ஊன்றி வைத்தான்.

திருமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். பெட்டியைப் பிடுங்கக் குனிந்தார்.

மாறன் வாசிப்பை நிறுத்தவில்லை. "எடுத்துக்கோங்க தலைவரே," என்றான். "என் காலைப் புடிச்சு நவுத்திட்டு எடுத்துக்கோங்க."

கை பாதத்துக்குக் கிட்டே வந்து அந்தரத்தில் நின்றது. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூட்டை தூக்குகிறவனின் காலைத் தொட்டால்தான் பெட்டி கிடைக்கும். தொடாமல் நிமிர்ந்தாலும் மானம் போகும். குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். குனிந்து கும்பிடுகிற மாதிரியே இருந்தது அது. கூட்டத்தில் யாரோ அதைச் சொல்லியும் விட்டார்கள்.

சுருக்கென்று நிமிர்ந்த திருமலை மைக்செட்காரரைப் பார்த்துக் கத்தினார். "சக்கரவர்த்தி! கரண்ட்டை நிறுத்துய்யா!"

"சாமி படத்து சீரியல் லைட்டும் இதே லைன்லதான் போவுது," என்றார் சக்கரவர்த்தி, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல். "நல்ல நாளும் அதுவுமா சாமியை இருட்டுல போட்டுடலாமா? நீங்களே சொல்லுங்க."

திருமலை மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். இறங்கிப் போனார்.

அப்பாதுரை கீபோர்டிலிருந்து எட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "இத்தோட சரி. நாளையிலேர்ந்து என் குரூப்புல நீ கிடையாது."

"சரிண்ணே."

அவன் வாசிக்க வேண்டிய அளவு எப்போதோ தாண்டிவிட்டது. தபலாக்காரர் அப்பாதுரையைப் பார்த்தார், மாறனைப் பார்த்தார், பிறகு குனிந்து மாறனுக்கே வாசித்தார். அடுத்த சரணத்தை எடுக்க வேண்டிய கவிநிலா மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு, முடிக்கட்டும் என்று நின்றாள்.

மாறன் முடிக்கிறதாக இல்லை.