மொட்டைமாடிக்கு மேலே

விடுதி மாணவி லோகப்பிரியா வந்து கைப்பேசியை நீட்டியபோது ஃபெமினா மாணவர்களின் ட்ரோன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவிநாசி சாலையில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விமான நிலையம் பக்கம். வளாகத்தில் எது பறந்தாலும் அரசு அனுமதி வேண்டும். பிறகு ட்ரோன் பாதுகாப்புக் குழுத் தலைவியான ஃபெமினாவின் கையெழுத்தும் வேண்டும். ஆட்கள் தலைக்கு மேல் கூடாது, விடுதிப் பக்கம் போகவே கூடாது என்று விதி எழுதியவளும் அவள்தான்.

“ஞாயித்துக்கிழமை தலைக்கு ஊத்திப்போட்டு ஹாஸ்டல் மாடியில நின்னமுங்க மேம். ட்ரோன் ஒண்ணு நேரா எறங்கி நின்னுச்சு. துண்ட வீசி வெரட்டினாலும் போகலீங்க.”

லோகப்பிரியா எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கியதும் ட்ரோனின் பதிவெண் தெரிந்தது. எவனோ மாணவன் என்று நினைத்துப் பதிவேட்டைப் புரட்டிய ஃபெமினாவுக்கு முகம் சுண்டிப்போனது. அது பல்கலைக்கழகத்தின் சொந்த ட்ரோன். அன்றைக்கு அனுமதி எதுவும் இல்லை.

பதிவாளர் சென்னகிருஷ்ணன் அறையில் போண்டா வந்திருந்தது. ட்ரோன் ஓட்டுபவனும் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

“விளம்பரப் படத்துக்கு எடுத்ததுங்க அம்மணி. நீங்களே பாருங்க” என்று பதிவாளர் டிவியைப் போட்டார்.

நூலகம் பத்து விநாடி வந்தது. மீதி நான்கு நிமிடமும் விடுதி மாடி. ஈரத்தலைகள், கொடியில் உள்ளாடைகள், துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும் ஒருத்தி. அவள் பின்னாலேயே கேமரா போனது.

“கேமரா நல்லாத் தெளிவாத்தான் எடுக்குது” என்றார் பதிவாளர், விரலில் ஒட்டிய எண்ணெயைச் செய்தித்தாளில் துடைத்தபடி. ஓட்டுபவன் வாய் நிறைய போண்டாவோடு சிரித்தான்.

ஓர் அனுமதிப் படிவத்தைப் பதிவாளர் ஃபெமினா பக்கம் தள்ளினார். “போன வாரத் தேதி போட்டு ஒரு கையெழுத்து. ரூல்ஸெல்லாம் பசங்களுக்குத்தானுங்களே.”

அவள் அன்றைய தேதியைப் போட்டாள். ‘அனுமதி கேட்கப்படவில்லை, தரப்படவும் இல்லை’ என்று எழுதி, பார்த்ததையும் எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொண்டாள்.

“ஏனுங்க, நம்ம யுனிவர்சிட்டி பேரு என்னாகறது?”

“அதக் கெடுத்தது நானில்லீங்க.”

வெளியே காத்திருந்த லோகப்பிரியாவிடம், “ஸ்டேஷனுக்குப் போலாமா கண்ணு? உனக்குச் சம்மதம்னா மட்டும்” என்றாள்.

“அப்பாகிட்டச் சொல்லிப்போட்டனுங்க மேம். வாரேன்.”

மகளிர் காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ட்ரோனையும் அதன் மெமரி கார்டையும் எடுத்துப் போனார்கள். ஓட்டுபவன் கைதானான். பதிவாளர் மருத்துவ விடுப்பில் போனார்.

மூன்றாம் நாள் விடுதி மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. ‘பாதுகாப்புக் கருதி மாணவியர் மாடிக்குச் செல்லத் தடை’ என்று ஓர் அறிவிப்பு. கீழே ட்ரோன் பாதுகாப்புக் குழு என்று போட்டு, ஃபெமினாவைக் கேட்காமலே அவள் பெயர்.

மலத்தை மிதித்ததுபோல் உடம்பு கூசியது அவளுக்கு. “சாவியக் குடுங்க” என்றாள் வார்டனிடம்.

“மேலிடத்து உத்தரவுங்க மேடம்.”

“எம் பேருலதான போட்டிருக்குது? நாஞ் சொல்றேன், தொறங்க.”

வார்டன் திறந்துவிட்டார். லோகப்பிரியாவும் மற்றவர்களும் துணி வாளிகளோடு மேலே ஏறினார்கள். ஃபெமினா அறிவிப்பைக் கிழித்தாள். இன்னும் ஆறு விடுதிக் கட்டடங்களில் ஒட்டியிருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. விரலில் பிசுபிசுத்த பசையைச் சுவரில் தேய்த்துவிட்டு, ஃபெமினா அடுத்த கட்டடத்துக்கு நடந்தாள்.