மூன்று முறை சொல்ல வேண்டிய பெயர்

இன்றைக்குக் கேட்டுவிடுவாள். காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிடுவாள். இல்லை, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்பாள். கையில் குழந்தை இருக்கும்போது எழுந்து போக முடியாதென்று அவளுக்குத் தெரியும். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து போப்பி இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி தெஸ்பீனா, நீளக் கைப்பிடி வைத்த சின்னச் செம்புப் பாத்திரத்தில் காப்பி பொங்கி வரும் நேரத்துக்காகக் காத்து நின்றாள். கண்ணைப் பாத்திரத்திலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவு கவனம் காப்பிக்குத் தேவையில்லை.

அடிலெய்டிலிருந்து நேற்று மாலை மெல்பர்ன் வந்து இறங்கியதிலிருந்தே அந்தக் கேள்வி இந்த வீட்டுக்குள் அவர்களோடு நடமாடிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அதற்கும் ஒரு நாற்காலி போட்டதுபோல எல்லாரும் சற்று ஒதுங்கியே உட்கார்ந்தார்கள்.

தொட்டிலில் கிடக்கும் பெண்ணுக்கு ஏழு மாதம். இன்னும் பெயர் இல்லை. திருமுழுக்கு ஆகும்வரை எல்லாக் கிரேக்க வீட்டிலும் பெண்குழந்தை வெறும் 'பேபா'தான். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் கேட்கும்போது ஞானத்தாய் மூன்று முறை உரக்கப் பெயரைச் சொல்ல வேண்டும். ஞானத்தாய் போப்பி. இரண்டு மாதத்துக்கு முன் போனில் கேட்டதும் சரி என்றுவிட்டாள். ஒரு குழந்தைக்கு ஞானத்தாயாக அழைத்தால் மறுப்பது பாவம். என்ன பெயர் என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூத்த பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவளின் பெயர். அது வழக்கம். மாமியார் பெயர் கரிஃபலியா. இரண்டு மருமகள்களில் போப்பிதான் முதலில் பெண் பெற்றாள். பெயரும் முதலில் அவள் வீட்டுக்கு வந்தது. அந்தக் கரிஃபலியா ஆறு வயதில், அடிலெய்டின் செமஃபோர் கடற்கரையில் மூழ்கிப் போனாள். ஒன்பது வருடமாகிறது. பிறகு மாமியாரும் போனாள். இன்று அந்தப் பெயரில் இந்தக் குடும்பத்தில் யாரும் உயிரோடு இல்லை.

"என்ன போப்பி, தூங்கினியா? இல்ல எங்க ஊர்ச் சத்தத்துல முழிச்சே கெடந்தியா?" கொழுந்தன் தனாசிஸ் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்தான். "உங்க அடிலெய்டுல ஆறு மணிக்கு மேல நாய்கூட அனுமதி வாங்கிட்டுத்தானே குரைக்கும்?"

"உங்க ஊர்ல வெயில் அடிச்சா அதைப் பேப்பர்ல போடுவாங்களாமே," என்றாள் போப்பி.

அவன் சிரித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தெஸ்பீனா, இவளை ஊர் சுத்திக் காட்டு. அப்படியே அரெத்தியம்மா கடையில மெழுகுவத்தி, துணியெல்லாம் பாத்துடுங்க." வாசல்வரை போனவன் திரும்பி வந்து, குழந்தையை முத்தமிட்டு, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பார்வையைக் காணாததுபோல் போப்பி பாவனை செய்தாள்.

ஊர் சுற்றுவது நல்லது. கூட்டத்தில் கேட்க மாட்டாள்.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு மூடும்போது, இதோ இப்போது, என்று போப்பி காத்திருந்தாள். தெஸ்பீனா வாயைத் திறந்தாள். "அந்தப் பாலத்துக்குக் கீழ நல்ல மீன் கடை இருந்துச்சு. மூடிட்டாங்க." அது இல்லை. அடுத்த நிறுத்தம் வந்தது.

அடிலெய்டிலிருந்து கிளம்பும் முன் கணவன் லெஃப்தெரிஸ் பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "கேட்டா சரின்னு சொல்லிடு போப்பி. எங்கம்மா பேருதானே." அவனுக்கு அந்தப் பெயரில் முதலில் இருந்தவள் அம்மா. மகள் அதில் பிறகு வந்து குடியேறியவள். அவளுக்கு அப்படியில்லை. அவளுக்கு அந்தப் பெயரில் ஒரே ஒரு ஆள்தான்.

ஃப்ளிண்டர்ஸ் தெரு நிலையப் படிகளில் இறங்கும்போது தெஸ்பீனா மேலே வரிசையாகத் தொங்கும் கடிகாரங்களைக் காட்டினாள். "இதுக்குக் கீழதான் தனாசிஸ் என்னை முதல் முதல்ல காக்க வெச்சான். ஒரு மணி நேரம்! அன்னிக்கே வீட்டுக்குத் திரும்பியிருக்கணும்."

"ஏன் திரும்பல?"

"புதுச் செருப்பு. நடக்க முடியல."

போப்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெஸ்பீனாவை அவளுக்குப் பிடிக்கும். மகள் போன அந்த வருடம், பேச்சே இல்லாமல் பத்து நாள் வந்து தங்கி, பாத்திரம் கழுவி, துணி துவைத்து, போகும்போதும் ஆறுதல் சொல்லாமல் போனவள் இவள் ஒருத்திதான். பிடிக்காதவள் கேட்டால் மறுப்பது எவ்வளவு சுலபம்.

சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய சந்துகளில் நடந்தார்கள். கூரை மூடிய கடைவீதியில் கேக்குகளைக் கண்ணாடி வழியே பார்த்தார்கள். வெயில் அடித்தது, மழை தூறியது, மறுபடி வெயில் அடித்தது. தெஸ்பீனா ஒவ்வொன்றையும் காட்டினாள். போப்பி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எதையும் பார்க்கவில்லை. தள்ளுவண்டியின் சக்கரங்களையும் தெஸ்பீனாவின் உதடுகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிராமில் பக்கத்து இருக்கைக் கிழவி கறுப்பு உடை போட்டிருந்தாள். இவர்களின் கிரேக்கப் பேச்சைக் கேட்டதும் மடியில் இருந்த பையைத் தள்ளி வைத்துவிட்டுக் குழந்தைப் பக்கம் குனிந்தாள். "அடி என் கண்ணே! தூ, தூ, தூ. கண்ணு படக் கூடாது. பேரென்ன?"

"பேபாதான். ஞாயித்துக்கிழமை திருமுழுக்கு," என்றாள் தெஸ்பீனா.

"யார் பேரு? மாமியார் பேரா? இல்ல உங்கம்மா பேரைச் சந்துல நுழைக்கப் பாக்கறியா?"

தெஸ்பீனா சிரித்தாள். தேவைக்கு மேல் கொஞ்சம் சிரித்தாள். போப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஞானத்தாய் யாரு? நீயா?" கிழவி போப்பியின் முழங்காலைத் தட்டினாள். "அப்போ உன் கையிலதான் இருக்கு பொண்ணே. உன் வாயில என்ன வருதோ அதான் பேரு. எங்க ஊர்ல ஒருத்தி, பாதிரி கேட்டப்போ தன் பேரையே சொல்லிட்டா. தண்ணியில முக்கியாச்சு, எண்ணெய் தடவியாச்சு, இனி என்ன பண்ண? ரெண்டு குடும்பமும் பன்னெண்டு வருஷம் முகம் பாக்கல."

அவள் இறங்கிப் போன பிறகும் அந்த இருக்கையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரெத்தியம்மாவின் கடை ஒரு பக்கத் தெருவில், மாடியில் இருந்தது. கடை முழுக்க வெள்ளை. தொங்கும் சின்னச் சின்ன உடைகள், சரிகை சுற்றிய மெழுகுவர்த்திகள், சர்க்கரை பூசிய பாதாம்பருப்பு கட்டிய வலைப் பொட்டலங்கள். இவையெல்லாம் ஞானத்தாய் வாங்க வேண்டியவை. போப்பிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வாங்குவது, தேர்ந்தெடுப்பது, துணியின் ஓரத்தைத் திருப்பித் தையல் பார்ப்பது, இதெல்லாம் அவளால் முடியும். உயரமான மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்தாள். வெறும் வெள்ளை நாடா கட்டியது.

"நல்ல கண்ணு உனக்கு," என்றாள் அரெத்தியம்மா. உடனே ஏதோ நினைவு வந்தவளாக, "தெஸ்பீனா! மறந்தே போச்சு பாரு. உன் சிலுவையெல்லாம் நேத்துதான் வந்து சேந்துச்சு. எழுத்து எவ்வளவு அழகா விழுந்திருக்கு தெரியுமா!"

"அப்புறமா வந்து..." என்று தெஸ்பீனா தொடங்குவதற்குள் பெட்டியின் மூடி திறந்துவிட்டது.

திருமுழுக்குக்கு வந்ததற்குச் சாட்சியாக விருந்தினர் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னச் சிலுவைகள். நீல வெல்வெட்டில் வரிசையாக நூறு இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் இளஞ்சிவப்பு ரிப்பன். ஒவ்வொரு ரிப்பனிலும் பொன்னெழுத்தில் கரிஃபலியா.

பொன்னெழுத்தில் அந்தப் பெயரை அவள் இதற்கு முன் கறுப்புக் கல்லில்தான் பார்த்திருக்கிறாள்.

"அழகா இருக்கு," என்றாள் போப்பி. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மெழுகுவர்த்திக்கும் உடைக்கும் காசு கொடுத்தாள். மீதியை வாங்காமல் படியிறங்கினாள். அரெத்தியம்மா பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தாள்.

ஆற்றங்கரைவரை நடந்தார்கள். கல்படியில் உட்கார்ந்தார்கள். கீழே நீண்ட படகில் எட்டுப் பெண்கள் ஒரே தாளத்தில் துடுப்புப் போட்டுப் போனார்கள். குழந்தை விழித்துச் சிணுங்கியது. தெஸ்பீனா தூக்கினாள். இதோ கொடுக்கப் போகிறாள் என்று போப்பி கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். ஆனால் தெஸ்பீனா கொடுக்கவில்லை. தன் மார்போடு இறுக்கி வைத்துக்கொண்டாள்.

"கிரீஸ்லேருந்து வர ஆறு வாரம் ஆகும்னாங்க. அதான் முன்னாடியே... உன்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லியிருக்கணும். தப்பு. பெரிய தப்பு."

போப்பி படகு போன திசையைப் பார்த்தாள்.

"தனாசிஸுக்கு அது அம்மா பேரு. ராத்திரி பகலா அதையே சொல்றான். எனக்கு..." தெஸ்பீனா சுற்றும்முற்றும் பார்த்தாள். "எனக்கு பயமா இருக்கு போப்பி. அவன்கிட்ட சொல்ல முடியாது. உன்கிட்ட சொல்றதுக்கும் வெக்கமா இருக்கு. அந்தப் பேரு... கடல் எடுத்துக்கிட்ட பேரு. நீயே சொன்னா, பெத்தவ நீயே உன் வாயால எடுத்து இவளுக்குக் குடுத்தா, அது கழிஞ்சிடும்னு தோணுது. அப்புறம் இவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு."

போப்பிக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் மகள் கழிக்க வேண்டிய தோஷமா? அந்தக் கோபம் தெஸ்பீனாவின் விரல்களைப் பார்த்ததும் எங்கோ வழி தவறிப் போனது. குழந்தையின் முதுகில் அந்த விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுந்தியிருந்தன. அன்று மணலில் தன் விரல்கள் அப்படி அழுந்தப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை.

அன்று அவள் அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். எத்தனை முறை என்று தெரியாது. தொண்டை கிழியும்வரை. கடற்கரையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குடைக்குக் கீழே படுத்திருந்தவர்கள், பந்து விளையாடியவர்கள், ஐஸ்கிரீம் வண்டிக்காரன். திரும்ப வேண்டியவள் மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கணவனிடம்கூட 'அவள்'தான். அது துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். துக்கமில்லை. கூப்பிட்ட குரலுக்கு இன்னும் பதில் வரவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி கூப்பிட்டால் இன்னொரு குழந்தை திரும்பிப் பார்க்கும். அதோடு அந்த அழைப்பு முடிந்துபோகும்.

இதை எப்படிச் சொல்வது? சொன்னால் தெஸ்பீனா அழுவாள், மன்னிப்புக் கேட்பாள், மறுபடி கேட்பாள்.

"பேரை வைங்க," என்றாள் போப்பி. "அது உங்க வீட்டுப் பேரும்தான். உன் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பேரு யாரையும் ஒண்ணும் பண்ணல."

தெஸ்பீனாவின் முகம் மலரத் தொடங்கியது.

"ஞாயித்துக்கிழமை வரேன். எண்ணெய் தடவறேன். தண்ணியிலேருந்து இவளை நான்தான் கையில வாங்குவேன். பாதிரி பேர் கேக்கும்போது நீ சொல்லு, இல்ல தனாசிஸ் சொல்லட்டும்."

"ஞானத்தாய்தானே சொல்லணும்? நூறு பேர் பாப்பாங்க. என்ன நினைப்பாங்க?" தெஸ்பீனா குரலைத் தாழ்த்தினாள். "மூணே மூணு தடவைதான் போப்பி. மெதுவாச் சொன்னாக்கூடப் போதும்."

குழந்தையின் ஒரு காலுறை கழன்று தொங்கியது. போப்பி அதை இழுத்துக் குதிகாலில் சரியாகப் பொருத்தினாள். சின்னக் கால் அவள் உள்ளங்கையில் உதைத்தது.

"மாட்டேன்மா," என்றாள்.