ஆரியங்காவு ஞாயிறு

திரும்பிய பக்கமெல்லாம் பனை நிற்கிற திருநெல்வேலிச் சீமையில் கள் இறக்கக்கூடாது என்று சட்டம். பிராந்திக் கடைக்கு மட்டும் தடையில்லை. இந்த நியாயம் கல்லிடைக்குறிச்சி அரிசி ஆலையில் எடை எழுதும் ஐயம்பெருமாளுக்கு ஒன்பது வருஷமாகியும் விளங்கவில்லை. பிராந்தி அவருக்கு ஆகாது. வாயில் வைத்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடும். கள்ளுக்கோ மலையைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்குப் போக வேண்டும்.

போனார். தமிழ் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, காலைப் பாசஞ்சரில் ஏறி, செங்கோட்டையில் வண்டி மாறி, குகைக்குள் இருட்டில் புகுந்து வெளியே வந்தால் ஆரியங்காவு. சம்பளக் கவரை அவர் பிரிக்காமல் மனைவி ஆவுடைத்தாயிடம் கொடுத்துவிடுவார். மகள் சித்ரலேகா பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சம்பளத்தில் பாதி அங்கே போய்விடும். இரண்டாவது ஞாயிறு விடிந்ததும் ஆவுடைத்தாய் முப்பது ரூபாயை மடித்து அவர் கையில் வைப்பாள். போகவர டிக்கெட், ஒரு குப்பிக் கள், ஒரு தட்டு மரச்சீனிக்கிழங்கு. அத்தோடு சரி.

ஆனால் அந்த ஒரு குப்பியை அவர் குடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும்! கொண்டுவந்து வைத்ததும் தொடமாட்டார். நுரை அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் மடக்கில் இது விடியலில் இறக்கியதா, நேற்றைய மிச்சமா என்று சொல்லிவிடுவார். மழைக்காலத்துக் கள் ஒரு ருசி, பங்குனி வெயிலில் வேறு ருசி. கடைக்குப் பின்னால் பலாமரத்தடியில் ஒரு பெஞ்சு. பக்கத்தில் இருப்பவர்கள் மூன்று குப்பியைக் காலிசெய்துவிட்டுச் சண்டைக்கு நிற்கும்போது இவர் அரைக் குப்பியைத் தாண்டியிருக்க மாட்டார். கையில் காசில்லாதவனுக்குப் பொறுமைதான் முதல் என்பது அவர் கட்சி.

ஆடி மாதத்தில் ஆவுடைத்தாய் ஒரு வார்த்தை கேட்டாள். விலைக்கு அப்பளம் இடுகிறவள், பலகையிலிருந்து தலையைத் தூக்காமல்தான் கேட்டாள். "வருஷக்கணக்காப் போறீங்களே, அப்படி என்னதான் இருக்கு அதுல? எனக்கும் ஒரு வாய் கொண்டாங்களேன்."

ஐயம்பெருமாளுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஞாயிறு தன் பங்கில் பாதியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, தக்கை வைத்து அடித்து, சிந்திவிடக் கூடாதே என்று சணலால் இறுக்கிக் கட்டி மஞ்சள் பைக்குள் வைத்தார். கள் குப்பிக்குள்ளும் சும்மா இருக்காது, பொங்கிக்கொண்டே இருக்கும் என்பது ஒன்பது வருஷம் குடித்தவருக்குத் தோன்றவில்லை. குடிக்கத்தான் தெரியும், கொண்டுபோய்ப் பழக்கமில்லையே!

திரும்பி வருகிற வண்டியில், கடையம் ஸ்டேஷனுக்கு முன்னால் மடியிலிருந்த பை 'டொப்' என்றது. வேட்டி, சட்டை எல்லாம் கள். பெட்டி முழுக்கப் புளிச்ச வாடை. கள்ளோடு எல்லை தாண்டியதே குற்றம். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஐயம்பெருமாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த ஹாஜா என்கிற ஜவுளி வியாபாரி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, பையப் பைய எந்திரிச்சுக் குழாய்ப் பக்கம் போங்க. கடையத்துல போலீஸ்காரன் ஏறுவான்."

நனைந்த கோழியாக வீடு வந்தவரைப் பார்த்து ஆவுடைத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அது இங்கன வராது போலுக்கு. நான் அங்கன வாரேன்" என்றாள்.

"பொம்பள கள்ளுக்கடைக்கு வரவா? ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"கடைக்குள்ள யாரு வாரா? வெளிய மரமிருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

ஒரு மாதம் போகாமலிருந்து, இரண்டு மாதக் காசைச் சேர்த்து, புரட்டாசியில் இருவரும் கிளம்பினார்கள். குகை வந்ததும் ஆவுடைத்தாய் அவர் கையை இறுகப் பிடித்தாள். வெளிச்சம் வந்த பிறகும் விடவில்லை. பலாமரத்தடியில் கடைக்காரர் சங்கடப்பட்டுக்கொண்டே இரண்டு கிளாசைக் கொண்டுவந்து வைத்தார். அவள் ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"புளிச்ச மோர்ல பதனியக் கலந்தாப்புல இருக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரம்?"

கிளாசை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். ஆனால் கிழங்குத் தட்டு வந்ததும் அவள் முகம் மாறியது. யாரோ அவித்து, யாரோ துவையல் அரைத்து, யாரோ கொண்டுவந்து வைத்தது. நிதானமாகத் தின்றாள். தட்டைக் கழுவ எழுந்தவளைக் கடைக்காரர் தடுத்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு மலையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், பெஞ்சில் வைத்தாள், மறுபடி மடியில் வைத்தாள்.

வீடு வந்து விளக்கைப் போட்டதும் சொன்னாள்: "அடுத்த மாசம் நான் மட்டும் போறேன்."

"கள்ளுதான் பிடிக்கலன்னியே?"

"கள்ளு யாருக்கு வேணும்? அந்த மரத்தடியில போயி இருந்துட்டு வரணும். ரெண்டு பேரும் போனாக் கட்டாது. ஒரு மாசம் நீங்க, ஒரு மாசம் நான்."

ஐயம்பெருமாளுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டே நாள். அதிலும் பாதியா? "மாசம் பூரா மூட்டைத் தூசியத் தின்னுட்டு ஒரு நாள் போறேன். என் காசுல போறதுக்கும் பங்குக்கு வாரியே!" என்று கத்தினார்.

அவள் கோபப்படவில்லை. "உங்க சம்பளம் இருபதாந்தேதி தாண்டாதுங்க" என்றாள். "நீங்க போறதுக்கு முந்தின வாரம் தினம் நூறு அப்பளம் கூடுதலா இடுவேன். அதான் அந்த முப்பது ரூவா. நீங்க போற அன்னைக்கு மனசாரப் போகணும்னுதான் சொல்லல."

அன்று இரவு அவருக்கு, அவள் இட்ட அப்பளத்தையா இத்தனை வருஷம் மடக்கு மடக்காக ருசித்துக் குடித்தோம் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு நடுவிலும் போகப்போகிற ஆறு ஞாயிறுகளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மனுஷ மனசு அப்படித்தான்.

ஐப்பசி இரண்டாம் ஞாயிறு அவளை ரயிலேற்றிவிட்டு வந்தார். ஈரத்துணி போட்டு மூடிவைத்த உளுந்துமாவு அப்படியே இருந்தது. அன்றைக்கு நூறு அப்பளத்தைத் தாமே இட்டுவிடுவது என்று பலகையின் முன்னால் உட்கார்ந்தார். முதல் அப்பளம் இலங்கை வரைபடம்போல வந்தது. இரண்டாவது கிழிந்தது. நடுவில் தேய்த்தால் ஓரம் தடித்தது, ஓரத்தைத் தேய்த்தால் நடுவில் ஓட்டை விழுந்தது. மத்தியானத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. ஒரு குப்பிக் கள்ளுக்கு எத்தனை அப்பளம் என்று ஒருதரம் கணக்குப் போட்டார், பாதியில் விட்டுவிட்டார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொன்று இருந்தது. விலைக்குப் போகும்படியாக ஐந்துகூடத் தேறாது.

இருட்டுகிற நேரத்தில் ஆவுடைத்தாய் வந்தாள். வாசலில் நின்று, மாவு அப்பிய அவர் முகத்தையும் முறத்தில் காய்ந்த அப்பளங்களையும் பார்த்தாள். எப்போதும் வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு வேலையைப் பிடிக்கிறவள் அன்று அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அங்கன போயி என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

ஆவுடைத்தாய், பெரிய சொத்து ஒன்று கைக்கு வந்ததைச் சொல்லுகிறவளைப்போல, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஒண்ணுமே செய்யலங்க. நாள் பூரா."