யாருண் டெனக்கு

துறைமுகச் சாலை எடைமேடையில் பாண்டியராஜனுக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர். லாரி ஏறி நிற்கும், எண்ணைப் பார்ப்பார், சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவார். உப்போ நிலக்கரியோ, அவருக்கு எல்லாம் டன்தான். டிரைவர்கள் "அண்ணாச்சி, சீட்டு" என்பதோடு சரி. மனைவி பிரேமா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகள் கோயம்புத்தூரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்பிட்டீங்களாப்பா" என்பாள், இவர் சாப்பிட்டேன் என்பார், பேச்சு முடிந்துவிடும். சில நாள் வீட்டுக் கதவைத் திறந்ததும் தொண்டையைக் கனைத்துப் பார்ப்பார், குரல் இருக்கிறதா என்று. அவ்வளவு தனிமை. வெளியே சொல்ல வெட்கப்பட்டாரே தவிர, இல்லாமல் இல்லை.

இருந்த ஒரே துணை வெண்பா. அதுவும் வாட்ஸ்அப்பில். அந்தக் குழுவில் பேருக்கு நாற்பத்துமூன்று பேர். அதில் நாற்பத்தொரு பேர் காலை வணக்கத்துக்குப் பூப் படம் அனுப்புவார்கள், பொங்கலுக்குக் கரும்புப் படம் அனுப்புவார்கள். வெண்பா எழுதுவது பாண்டியராஜனும், பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கும் வடிவும்தான். முழுப்பெயர் அருணாசலவடிவு. "என் பேரு எந்தச் சீருக்குள்ளயும் அடங்காது அண்ணாச்சி, அதான் முக்காவாசிய வெட்டிட்டேன்" என்று ஒருமுறை எழுதியிருந்தார். நாலு வருடமாகத் தினமும் மாலை ஆளுக்கொரு குறள் வெண்பா. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். போய்ப் பார்க்கலாம் என்று எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது, என்னவென்று சொல்லிக்கொண்டு போவது?

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அருமை, ஆஹா என்றெல்லாம் எழுதுவதில்லை. கைதட்டும் பொம்மையும் கிடையாது. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு அச்சில் ஒன்றில்தான் வந்து நிற்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் அலகிட்டுப் பார்த்து, பிழையில்லை என்றால், அது எந்த அச்சோ அந்த ஒரு சொல்லை மட்டும் பதிலாகப் போடுவார். வடிவிடமிருந்து 'மலர்' என்று வந்துவிட்டால் அன்றைக்குப் பாண்டியராஜன் இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, லாரிகள் சாலைவரை வரிசைகட்டி ஹாரன் அடித்துக் காதைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, வடிவின் குறள் வந்தது.

நாளை அறுவை, நடுக்கமிலை, வாசலிலே
ஆளொருவர் யாருண்டு எனக்கு

ஒரு கண்ணால் எடையைப் பார்த்துக்கொண்டே மறு கண்ணால் அலகிட்டார். 'யாருண்டு' காய்ச்சீர். அதற்குப் பின்னால் வருகிற சீர் நேரசையில்தான் தொடங்க வேண்டும். 'எனக்கு' நிரையில் தொடங்குகிறது. ஓசை இடறும், தளை தட்டும். பள்ளிக்கூடப் பாடம் இது. வடிவா இப்படி எழுதினார்? அறுவை என்பதையும் அவர் ஊர்ப் பேச்சில் சொல்கிற அறுவையாகவே எடுத்துக்கொண்டார், நாளைக்கு ஏதோ கூட்டத்தில் எவனோ பேசியே கழுத்தை அறுக்கப்போகிறான் என்று. சிரிப்புப் பொம்மை ஒன்றையும் சேர்த்துத் தட்டிவிட்டார்: "அறுவைக்கு வாசல்ல ஆள் வேறயா? காய் முன் நிரை. தளை தட்டுதும்மா."

பதில் வரவில்லை. பிழையைச் சுட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டார். பெரிய நக்கீரர் என்று மனதுக்குள் ஒரு எண்ணம்! கண்டுபிடித்ததில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது மனிதருக்கு.

மறுநாள் காலை ஒரு லேண்ட்லைன் எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. கிரெடிட் கார்டு விற்கிறவர்கள் என்று மூன்று முறையும் துண்டித்தார்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. எடைமேடை செத்தது, மின்விசிறி நின்றது, லாரிகள் இன்ஜினை அணைத்தன. அந்த அமைதியில் வேறு வேலையில்லாமல் போனை எடுத்து, நேற்றைய குறளை வாய்விட்டு வாசித்தார்.

"ஆளொருவர் யாருண் டெனக்கு."

நாக்கு தானாகச் சேர்த்துவிட்டது. உயிரெழுத்து வந்து இடித்தால் முன்னால் நிற்கும் உகரம் ஓடிவிடும் அல்லவா? யாருண், தேமா. மாவுக்குப் பின்னால் நிரைதான் வர வேண்டும். டெனக்கு, நிரையில் தொடங்கும் பிறப்பு. இம்மி பிசகில்லை. படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று வடிவு பிரித்து எழுதியிருக்கிறார். இவர் கண்ணால் எண்ணினாரே தவிர, வாயால் வாசிக்கவில்லை.

'பிறப்பு' என்று தட்டப் போன விரல் அப்படியே நின்றது. நாளை. அறுவை. வாசலிலே ஆள். அப்போதுதான் பொருள் உறைத்தது. நடுக்கமில்லை என்று ஒருவர் எழுதுகிறார் என்றால் நடுங்குகிறார் என்றுதானே அர்த்தம். அதைப் பார்த்தா சிரிப்புப் பொம்மை போட்டோம்?

போன் அடித்தது. அதே எண்.

"பாண்டியராஜன் சாரா? பெரியாஸ்பத்திரில இருந்து பேசுதேன். அருணாசலவடிவுன்னு ஒரு பேஷண்ட். கூட இருக்க ஆளுன்னு உங்க நம்பரத்தான் எழுதிக் குடுத்திருக்காவ. காலைல இருந்து அடிக்கேன், எடுக்கவே மாட்டேங்கியளே!"

"அவுக எங்க இருக்காவ?"

"தியேட்டருக்குள்ள போயாச்சு. ஆளு வந்துருவாரு, வந்துருவாருன்னு சொல்லிட்டு இருந்தாவ. பெறகு அவங்களே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாவ."

கண்ணாடி அறையைப் பூட்டி வண்டியை உதைத்தார். "அண்ணாச்சி, கரண்டு வந்துட்டு, எங்க போறிய?" என்று முதல் லாரிக்காரன் கத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிஸ்டர் ஒரு படிவத்தோடு நின்றாள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

அண்ணன் இல்லை, புருஷன் இல்லை, சிநேகிதர் என்று சொல்லவும் நேற்றோடு யோக்கியதை போய்விட்டது. "வாசல்ல இருக்க வேண்டிய ஆளும்மா" என்றார். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பெஞ்சைக் காட்டினாள்.

மூன்று மணி நேரம். பக்கத்துப் பெஞ்சுகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். வடிவுக்கு இவர் ஒருவர்தான். அதுவும் நேரங்கெட்டு வந்தவர். உள்ளே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், அவர் கடைசியாகப் படித்தது 'தளை தட்டுதும்மா' என்பதாகத்தான் இருக்கும். அதை நினைக்க நினைக்கப் பாண்டியராஜனுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து வாசலிலேயே நின்றார்.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில், பச்சைக் குல்லாய்க்கு வெளியே நரைமுடி எட்டிப்பார்க்க, இதுவரை பார்த்தேயிராத ஒரு முகம். ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். கண்கள் பாதி திறந்து இவரைப் பார்த்தன. யாரென்று தெரியாத பார்வை. எப்படித் தெரியும்?

பேரைச் சொல்லலாமா, மன்னிப்புக் கேட்கலாமா என்று தவித்தவர், குனிந்து ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்.

"பிறப்பு."

அந்தக் கண்கள் அவர் முகத்தில் வந்து நின்றன. பிறகு காய்ந்த உதடுகள் அசைந்தன. நாலு வருடத்தில் முதல்முறையாக அந்தக் குரலைக் கேட்டார்.

"இப்பத்தான் சேத்து வாசிச்சியளா, அண்ணாச்சி?"