எக்ஸ்பிரஸ் மெதுவாகப் படித்த மசோதா

சபையில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கே மறந்து போயிருக்கும். எந்த மசோதாவானாலும் ஓட்டுக்கு விடுவதற்கு முன் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை சபையில் வாய்விட்டுப் படித்தாக வேண்டும் என்பது அங்கே பழைய விதி. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்காக அந்தக் காலத்தில் வைத்தது. இப்போது எல்லாருக்கும் படிக்கத் தெரியும், யாரும்தான் படிப்பதில்லை. அதனால் சம்பளம் கொடுத்து இவரை வைத்திருந்தார்கள்.

மனுஷன் வாயைத் திறந்தால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். நாக்கு குழறாது, ஒரு சொல் விட்டுப்போகாது, ஆனால் ஒன்றும் விளங்காது. சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார் என்பதால் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் செல்லப்பிள்ளை. மசோதாவை முன்கூட்டி அவர் பார்ப்பதே இல்லை. பார்த்தால் அர்த்தம் மண்டையில் ஏறும், ஏறினால் நாக்கு தடுக்கும் என்பார். கண் நாக்குக்கு இரண்டு வரி முன்னால் ஓட வேண்டும், அவ்வளவுதான் தொழில். என்ன படித்தீர்கள் என்று சாயங்காலம் கேட்டால் தெரியாது என்பார். அதில் ஒரு பெருமை வேறு.

இந்த முறை மட்டும் என்ன மசோதா என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இலவச மருத்துவ மசோதா. அவருடைய மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ். அக்காவின் நகை, தையல் மெஷின், கையிருப்பு எல்லாம் அந்தக் குழாய் வழியாகவே போய்விட்டன. மிச்சம் இருந்தது வீடு ஒன்றுதான். பழைய பால் பண்ணைக்கும் கால்வாய்க்கும் நடுவே, பண்ணை ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. மாமா அங்கே பால் கேன் கழுவியே முதுகு வளைந்தவர். பண்ணையை மூடிய பிறகு வீடுகள் யாருக்கு என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு நம் பக்கம்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியும் அங்கிருந்து நடக்கிற தூரம்.

மசோதா எப்போது வரும் என்று அக்கா தினமும் போனில் கேட்டாள். வந்தபாடில்லை. ஓட்டு குறைகிறது என்று இழுத்துக்கொண்டே போனார்கள். ஒரு நாள் திடீரென்று ஓட்டு சேர்ந்துவிட்டது. கேட்டதைக் கொடுத்தால் சேராமல் என்ன செய்யும்! ஒருவர் தொகுதிக்குப் பாலம் கேட்டார், ஒருவர் தன் காலேஜுக்கு அங்கீகாரம் கேட்டார், இன்னொருவர் மச்சானின் குவாரிக்கு லைசென்ஸ் கேட்டார். இதையெல்லாம் தனித்தனியாகக் கொண்டுவந்தால் சந்தி சிரிக்கும். நோயாளிகளின் மசோதாவில் செருகிவிட்டால் எதிர்த்து ஓட்டுப் போட எவனுக்குத் துணிச்சல் வரும்? ஆம்புலன்ஸில் மூட்டை முடிச்சோடு ஊரே ஏறிக்கொண்டது.

மேஜைக்கு வந்தபோது மசோதா செங்கல் கனம் இருந்தது. எக்ஸ்பிரஸ் வழக்கம்போலக் கிளம்பினார். டயாலிசிஸ் என்ற சொல் வந்தபோது மட்டும் மனசு குளிர்ந்தது. அக்காவுக்கு முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பாதி தாண்டியிருக்கும். நாக்கு குவாரியில் இருக்கும்போதே கண் பால் பண்ணையில் போய் விழுந்தது. பழைய பால் பண்ணைக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் ஒரு குளிர்பதனக் கிடங்குக் கம்பெனிக்கு. அந்த நிலத்தின் மேல் உள்ள வழக்குகள் யாவும் இச்சட்டத்தால் முடிவுக்கு வந்ததாகக் கொள்ளப்படும்.

அக்காவின் வீடு அதற்குள்தான் இருந்தது. படிப்பவர் சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது, ஒரு சொல் விடவும் கூடாது. எதைச் செய்தாலும் வேலை போய்விடும். அவர் கையில் இருந்தது வேகம் ஒன்றுதான். இத்தனை வருஷமாகத் தன் வேகத்தில் எத்தனை பேர் வீடு இப்படிப் போயிற்றோ என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. இதையாவது காதில் விழ வைப்போம், விழுந்தால் ஒருத்தராவது எழுந்து கேட்காமலா இருப்பார் என்று நினைத்து, நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் கொடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

செல்போனில் மூழ்கியிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், மழை நின்றதும் விழித்துக்கொண்டார். அக்கா தொகுதியின் மெம்பர் மூன்றாம் வரிசையில் இருந்தார். போன தேர்தலில் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்து, இந்த வீட்டை எவனாவது தொட வந்தால் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று வாக்குக் கொடுத்தவர். எக்ஸ்பிரஸ் அவர் முகத்தைப் பார்த்தே படித்தார். அவரும் பார்த்தார். எதிர்க்கட்சிக்காரர்களும் பார்த்தார்கள். ஒரு முகத்திலாவது ஆச்சரியம் இருக்க வேண்டுமே! அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. ஒளித்து வைத்த பிரிவு என்று நினைத்தது அவர் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் முன்பே தெரியும். இதை ஒருவர் உருவினால் அவருடையதை இன்னொருவர் உருவுவார். அடுத்த பிரிவே அந்த மூன்றாம் வரிசைக்காரரின் பாலம்தான்.

அந்த மெம்பரே மைக்கைத் தட்டினார்.

“படிக்கறவர் கொஞ்சம் வேகமா போனா நல்லது. எல்லாருக்கும் பசி.”

சபை சிரித்தது. சபாநாயகரும் சிரித்தார். எக்ஸ்பிரஸ் மிச்சத்தை மழையாகக் கொட்டி முடித்தார். மேஜையைத் தட்டி மசோதாவை நிறைவேற்றினார்கள். ஏழைகளுக்குப் பொன்னாள் என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

இலவச மருத்துவ அட்டையும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசும் அக்காவுக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. மாற்று வீடு ஊருக்கு வெளியே எங்கோ. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். எக்ஸ்பிரஸ் போனபோது மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தம்பியை உட்காரச் சொல்லவில்லை.

“நீதான் படிச்சியாமே. வக்கீல் சொன்னார்.”

“ஆமாக்கா.”

“உன் பாழாப்போன வேகத்துலயா? மெதுவா படிச்சிருந்தா யார் காதுலயாவது விழுந்திருக்கும்டா. நம்ம மெம்பர் அங்கதானே உக்காந்திருந்தார்? கேட்டிருந்தா சும்மா விட்டிருப்பாரா அவர்?”

ஆமாம் என்று தலையாட்டி, திட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவருக்கு அது முடியவில்லை. பழி தன் மேல் விழக் கூடாது என்ற அற்பத்தனமும் அதில் கொஞ்சம் இருந்தது.

“மெதுவாதான்க்கா படிச்சேன். ஒவ்வொரு சொல்லா. எல்லாருக்கும் கேட்டுது. அவருக்கும் கேட்டுது.”

அக்காவின் கை சாக்கு முடிச்சில் அப்படியே நின்றது. மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“அப்போ நீ வேகமாவே படிச்சிருக்கலாம்டா.”