ஒரு சொட்டுச் சேற்றுநீர்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். யார் எந்த முடிவைக் கொண்டுவந்தாலும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள். உயிர்களின் மரபணு எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டு, எது எதற்குச் சொந்தம், எது எப்போது பிரிந்துபோனது என்று வம்சமரம் வரைவது அவள் வேலை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களுக்கு அந்த வேலை ஒத்துவராது.

அவளுடைய கொழுந்தனும் அங்கேதான் இருந்தான். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையின் அடிச்சேற்றிலிருந்து நுண்ணுயிர்களை வளர்ப்பவன். அவன் கொடுத்த மரபணுவை மரத்தில் ஏற்றியபோது சல்லடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. காளான், செடி, மாடு, வீட்டிலிருக்கும் மாமியார் உட்பட, உட்கரு உள்ள உயிர்களெல்லாம் கிளைவிடத் தொடங்கும் அடிமரத்திலேயே போய் அது உட்கார்ந்தது. உலகமே தேடுகிற இடம். அங்கே இவனுடைய சேறு, சொல்லிவைத்த மாதிரி!

கல்லூரிப் பரீட்சையில் கோட்டைவிட்டுவிட்டு, தேறிவிட்டதாக வீட்டையே நம்பவைத்தவன் அவன். கண்டுபிடித்தவளும் இவள்தான். இப்போது அவனுடைய ஒப்பந்த வேலைக்காலம் முடியப்போகிறது; நீட்டிக்க வேண்டுமென்றால் பெரிதாக ஏதாவது காட்டியாக வேண்டும். வரவிருக்கும் கட்டுரையில் அவள் பெயரும் இருக்கிறது. பொய்யென்றால் அவள் மானமும் சேர்ந்து கப்பலேறும்.

"ஒரு சொட்டு குடுடா. நான் தனியா சோதிச்சுப் பாக்கறேன்."

"இப்ப வேணாம் அண்ணி. இருக்கிறதே ஒரு புட்டி. வேற புட்டில பிரிச்சு வெச்சதெல்லாம் செத்துப் போச்சு. குட்டையையும் மண்ணு போட்டு மூடிட்டாங்க. கொஞ்சம் பெருகட்டும்."

"எப்பப் பெருகும்?"

"அது சரியான சோம்பேறி. ஒண்ணு ரெண்டாகவே மாசக்கணக்காகும்."

மடியில் கனமில்லாதவன் இப்படி மழுப்புவானா என்று அவள் நினைத்தாள்.

அம்மாவை மருத்துவரிடம் காட்ட அவன் போயிருந்த ஒரு மதியம், அவனுடைய அறைக்குள் நுழைந்தாள். புட்டியின் வாயை ரப்பர் மூடி வைத்து, மேலே தகர வளையம் போட்டு இறுக்கியிருந்தான். ரப்பரில் ஊசியைக் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தாள். மாமியாருக்குத் தினமும் இன்சுலின் போடுகிறவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமா? கை பாட்டுக்கு வேலையை முடித்தது.

ஊசியை உருவிய சற்று நேரத்தில், நிறமில்லாத நீரின் மேல்மட்டம் இளஞ்சிவப்பாக மாறியது. சாயம் கலந்திருக்கிறான்! எதற்கென்று அவளுக்குத் தெரியவில்லை. நேர்மையான வேலைக்குச் சாயம் எதற்கு? எடுத்த நீரை வேறொரு ஆய்வுக்கூடத்துத் தோழிக்கு அன்றே அனுப்பிவிட்டாள்.

மாலையில் அவன் பேயறைந்தவன்போல வீட்டுக்கு வந்தான்.

"புட்டிக்குள்ள காத்து போயிடுச்சு அண்ணி. காத்து புகுந்தா தெரியணும்னு ஒரு சாயம் போட்டு வெச்சிருந்தேன். சிவந்து கெடக்கு. அந்த உயிருக்குக் காத்துதான் விஷம். மூடி கசிஞ்சிருக்கும், நான்தான் சரியா பாக்கல."

சாப்பிடாமலே படுத்துக்கொண்டான். நல்ல சாக்குதான், என்றது அவள் மனம். ஆதாரம் கேட்ட வேளையில் பார்த்து ஆதாரம் செத்துப்போகிறது. மூடியை அவனே தளர்த்தி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்த வாரம் தோழியிடமிருந்து முடிவு வந்தது. ஒன்று, அந்த உயிர் இருக்காது. அல்லது, அவன் செய்து கலந்த போலி என்றால், எழுத்துக்கு எழுத்து பழைய மரபணுவின் நகலாக இருக்கும் என்று காத்திருந்தாள். இரண்டுமில்லை. அதே உயிர், அதே அடிமரம். ஆனால் கூடப்பிறந்தவர்களின் முகங்களைப்போல அங்கங்கே ஓர் எழுத்து வேறு. வளர்ந்து பெருகும் உயிரில்தான் அப்படி நேரும். போலி செய்கிறவனுக்கு அது தோன்றாது.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

"சாப்பாட்டு வேளையாச்சு, ஊசி போடும்மா" என்று மாமியார் கூப்பிட்டாள். அவன் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தான்.

"டேய், உன்னோடது நிஜம்டா! ஒரு சொட்டு எடுத்து வெளிய அனுப்பினேன். இப்பத்தான் முடிவு வந்துச்சு."

அவன் கை நின்றது. "எடுத்தீங்களா? எப்ப? எப்படி எடுத்தீங்க?"

"அத்தைக்கு எடுக்கிற மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டே இன்சுலின் குப்பியைக் கையில் எடுத்தாள். ஊசிக்குழலில் காற்றை இழுத்து, குப்பியின் ரப்பரில் குத்தி, முதலில் காற்றை உள்ளே தள்ளினாள். அப்படித் தள்ளினால்தான் மருந்து தடையில்லாமல் வரும் என்று செவிலி கற்றுக்கொடுத்த முறை. குப்பிக்குள் குமிழிகள் எழுந்தன.

அவன் அந்தக் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளும் பார்த்தாள்.

அவன் எழுந்துவந்து குப்பியையும் ஊசியையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நான் போட்டுக்கறேன் அண்ணி."

"நீயா? உன்னை யாரு நம்புவா?" என்று மாமியார் கையை இழுத்துக்கொண்டாள். "அவகிட்ட குடுடா. அவ கைன்னா எனக்கு ஒரு பயமும் இல்ல."