அப்பா பேரு என்ன?

எங்கப்பாவப் போலீஸ் ஏத்திக்கிட்டுப் போனது பட்டப்பகல்ல. கனகசெட்டிக்குளத்துல போட்டெல்லாம் கரையேறி ஏலம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. சிவப்புத் தொப்பிக்காரங்க ரெண்டு பேரு ஜீப்ப விட்டு எறங்கி, "கோவிந்தசாமி யாருய்யா?"ன்னாங்க. அப்பா ஈரக் கைலியோட எழுந்து நின்னாரு. "உம் மவன் உம்மேல கேஸ் குடுத்துருக்கான். சின்னப் புள்ளையில அவங்கிட்ட அசிங்கமா நடந்துக்கிட்டியாமே?"ன்னு அத்தினி பேருக்கு நடுவுல கேட்டான் ஒருத்தன். பாவி, கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போயி கேக்கக் கூடாதா? ஏலம் அப்பிடியே நின்னுபோச்சு. அப்பா ஜீப்புல ஏறும்போது என்னையப் பாத்து, "அவன் நல்லாருக்கானா பாரு"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். டவுன் மார்க்கெட்டுல மீன் விக்கிறவ நான். இந்த அன்புசெல்வி வாய்க்குப் பயந்தே பேரம் பேசாமப் போறவங்க உண்டு. கூடைய அப்பிடியே போட்டுட்டு லாஸ்பேட்டைக்குப் பஸ் ஏறுனேன். எந்தம்பி தமிழ்மாறன் அங்கதான் வாடகை வீட்ல இருக்கான், ஏசி ரிப்பேரு வேல. கதவத் தொறந்ததும் கன்னத்துல ஒண்ணு விட்டேன்.

"பெத்த அப்பன் மேல இப்பிடி எழுதிக் குடுக்க உனக்கு எப்பிடிடா கை வந்துச்சு?"

அவனுக்கு ஒண்ணும் புரியல. நான் நடந்ததச் சொன்னதும் அப்பிடியே தரையில உக்காந்துட்டான். "அக்கா, நான் அப்பா மேலதான் குடுத்தேன். ஆனா நம்ம அப்பா மேல இல்லக்கா"ன்னான்.

பதினாலு வயசுல அவன் சிறுவர் ஹோமுல இருந்தான். எவனோ திருடுன பைக்குல பின்னாடி உக்காந்து போனவன், அவ்ளோதான். திரும்பி வந்ததுலேருந்து அப்பாவ அப்பான்னு கூப்பிட்டதே இல்ல. "இந்தா", "இங்க பாரு", அதோட சரி. ஜாமீன்ல எடுக்க வக்கில்லாத அப்பன்னு புள்ளைக்குக் கோவம்னு அப்பா நெனச்சுக்கிட்டாரு. பன்னெண்டு வருஷமா அத மனசுலயே வச்சுக்கிட்டு இருந்தாரு.

விஷயம் அது இல்ல. அந்த ஹோமுல வார்டன் ஒருத்தன். பசங்க எல்லாரும் அவன அப்பான்னுதான் கூப்பிடணும். தெரியாத்தனமா சார்னு சொல்லிட்டா அன்னைக்கிச் சோறு கெடையாது. "உங்கள ஒழுங்கா வளக்காத அப்பன மறந்துடுங்க, இங்க நாந்தான் அப்பா"ம்பானாம். பசங்கள ஒவ்வொருத்தனா அவன் ரூமுக்குக் கூப்பிட்டு என்னென்ன பண்ணான்னு எந்தம்பி செவுத்தப் பாத்துக்கிட்டே சொன்னான். நான் பாதியிலயே போதும்டான்னு அவன் வாயப் பொத்திட்டேன். அந்தாளோட நெசப் பேரு எந்தப் பையனுக்கும் தெரியாது.

புகார் குடுக்கத் தனியாப் போயிருக்கான். குனிஞ்ச தலையோட, "அப்பா இப்பிடிப் பண்ணாரு, அப்பா அப்பிடிப் பண்ணாரு"ன்னு சொல்லியிருக்கான். எழுதிக்கிட்டே இருந்த ஸ்டேஷன் ரைட்டரு, "அப்பா பேரு என்ன?"ன்னு கேட்டிருக்காரு. ரேஷன் கடையிலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லா எடத்துலயும் கேக்குறதுதான? இவனும் கோவிந்தசாமின்னு சொல்லிட்டான்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட மாட்டியாடா?"

"அத எப்பிடிக்கா படிக்கச் சொல்ற?"

நான் அதுக்கு மேல கேக்கல. ஆனா ஒண்ணு கேட்டேன். "இத்தினி வருஷம் கழிச்சு இப்ப எதுக்குடா?"

அவன் புள்ளைக்கு ஒரு வயசு. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கு. மொத மொதல்ல "ப்பா"ன்னு சொன்னப்ப, இவன் அது வாயக் கையால அமுக்கிட்டான். தெரிஞ்சு பண்ணல, கை தானாப் போயிடுச்சுன்னான். புள்ளைக்கு மூச்சு முட்டிடுச்சு. பொண்டாட்டி புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. "அந்தாளு பேரு கோர்ட்டுல ஏறணும்க்கா. அப்பத்தான் எம்புள்ள கூப்பிடுறத என்னால காது குடுத்துக் கேக்க முடியும்"னு அழுதான்.

இலவச சட்ட உதவியில ஒரு வக்கீலம்மா கெடச்சாங்க, தீபலட்சுமின்னு பேரு. அவங்க வந்து தம்பி மறுபடி சொன்னத எழுதிக் குடுத்துதான் அப்பாவ வெளிய விட்டாங்க. மொதப் புகாருல மட்டும் அவரு பேரு அப்பிடியே கெடந்துச்சு. அவங்ககிட்ட நான் கேக்காத கேள்வி இல்ல.

"பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சேம்மா, இனிமே செல்லுமா?"

"செல்லும். போக்சோ சட்டம் வந்த அடுத்த வருஷம் நடந்தது இது. புகார் குடுக்கக் காலக்கெடு கெடையாது. பொறுப்புல இருக்குறவனே பண்ணா தண்டன அதிகம். அரசாங்கத்துக்கிட்ட நிவாரணமும் கேக்கலாம்."

"இவன் பைக் கேசுல உள்ள போனவன்தானன்னு போலீஸ்ல இளிக்கிறாங்களே?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சின்ன வயசுக் கேசு அவனப் பின்னாடியே தொரத்தக் கூடாதுன்னு அந்த ரெக்கார்டையே அழிச்சிடச் சொல்லுது சட்டம். அவன் கேசு ரெக்கார்டும் அழிச்சாச்சு."

"அப்ப இவன் அங்க இருந்தான்னு எத வச்சு காட்டுறது?"

வக்கீலம்மா நோட்டத் தொறந்து, "கூட இருந்த பசங்களத் தேடணும்"னாங்க. நல்லாருக்குதுங்க சட்டம். எந்தம்பிக்கு நல்லது பண்றோம்னு அந்தாளுக்கும் சேத்து நல்லது பண்ணி வச்சிருக்கு.

அப்பா வீட்டுக்கு வந்தாரு. கரையில அவரு பக்கத்துல ஒருத்தரும் நிக்கல. தப்பா எழுதிட்டாங்கன்னு நான் ஊரெல்லாம் கத்துனேன். ஆங், ஆங்னு தலைய ஆட்டுனாங்க, அவ்ளோதான். அப்பாகிட்ட எல்லாத்தையும் ஒடச்சுச் சொன்னேன். கையில இருந்த வலைய மடிச்சு வச்சாரு. அப்பறம், "அப்ப அவனுக்கு எம்மேல கோவம் இல்லையா?"ன்னு கேட்டாரு.

ஒரு நாளு எங்க மூணு பேரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க. போனா, பெஞ்சுல மூணு பெருசுங்க வரிசையா உக்காந்திருக்கு. அப்ப அந்த ஹோமுல வார்டனா இருந்தவங்களாம். "யாருன்னு காட்டச் சொல்லுங்க, வேல முடிஞ்சுது"ன்னாரு இன்ஸ்பெக்டரு. எங்க கூட வந்த வக்கீலம்மா கொதிச்சுப் போயிட்டாங்க. "ஆளக் காட்டுறதுக்குன்னு மொற இருக்கு சார். அந்தாள இவரு மூஞ்சிக்கு நேரா உக்கார வைப்பீங்களா?" யாரு காதுல வாங்குனா?

தம்பி உள்ள வந்து நாக்காலியில உக்காந்தான். நெமிந்து பாக்கல. பெஞ்சுல கடைசியில இருந்த ஆளு, நெத்தியில விபூதி, சும்மா தொண்டையச் செருமுனான். அவ்ளோதான். எந்தம்பி விருட்டுனு எழுந்தான். ரெண்டு கையும் கும்பிட்டுச்சு.

"வணக்கம்ப்பா"ன்னான்.

இருவத்தாறு வயசு ஆம்பள. கொரலு மட்டும் சின்னப் பையன் கொரலு. அந்தாளு பழக்கத்துல தலைய ஆட்டுனான்.

ரைட்டரு பேனாவ மூடிட்டு இளிச்சாரு. "ஏம்மா, இம்மாம் மரியாதையாக் கும்பிடுறான். இத எப்பிடிம்மா புகாருன்னு எழுதுறது?"

"யோவ், நீயெல்லாம் மனுசனா?"ன்னு நான் கத்துறதுக்குள்ள, வாசப்படிகிட்ட நின்ன எங்கப்பா நேரா பெஞ்சாண்ட போனாரு. பல்லக் கடிக்கல, கையும் ஓங்கல. "ஐயா, உம் பேரு என்ன?"ன்னு கேட்டாரு.

"அரிகிருஷ்ணன்."

அப்பா ரைட்டரு பக்கம் திரும்புனாரு. "எம் பேர அடிச்சிட்டு இத எழுதிக்கய்யா."

தம்பி கும்பிட்ட கைய எறக்காம நின்னுக்கிட்டே இருந்தான். "உக்காருடா தம்பி"ன்னேன். உக்காரல. அப்பா வந்து தோளப் புடிச்சு, "ஒண்ணும் இல்ல சாமி, உக்காரு"ன்னு அமுத்துனாரு. அவன் முட்டி மடங்கவே இல்ல. கண்ணுல தண்ணி மட்டும் ஊத்துது.

அந்தாளுக்குப் பாவமாப் போச்சோ, இல்ல நல்லவன்னு காட்டிக்கணுமோ, என்ன எழவோ. "உக்காரு கண்ணு"ன்னான்.

எந்தம்பி உக்காந்தான்.

இளிச்ச ரைட்டரு வாய மூடிக்கிட்டாரு. அந்தாளுக்கும் அப்பத்தான் ஒறச்சுது, மூஞ்சி வெளுத்துப் போச்சு.

வக்கீலம்மா மேசையில கைய ஊனிக்கிட்டு, "இதையும் எழுதுங்க சார்"னாங்க.